சீட்டெடுக்கிற பையன்

சென்ற நவம்பரில் ஒரு கிளை நூலகத்தில் நூலக வார விழா நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். வேறு எந்த ஊராக இருந்தாலும் விழா இதேதான். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிறவர்களுக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு, வாசிப்பின் பயன்கள். நான் நடுவர். வங்கியில் குமாஸ்தா, பி.ஏ. ஆங்கிலம், ஏதோ பத்திரிகையில் எழுதுகிறானாம் என்பவை என் தகுதிகள். நாற்பது சொச்சம் கட்டுரைகளைப் படித்தேன். எல்லாவற்றிலும் ஒரே முன்னுரை, ஒரே மேற்கோள்கள், ஒரே முடிவுரை. வாசிப்பு மனிதனை முழுமையாக்குகிறது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். தான் வாசித்த ஒரு புத்தகத்தின் பெயரை ஒருவர்கூட எழுதவில்லை. அவற்றிலிருந்து மூன்றைப் பொறுக்கி மதிப்பெண் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

விழாவுக்கு இடம் வேண்டும் என்று மேஜைகளை ஒதுக்கியிருந்தார்கள். புத்தக அலமாரிகளுக்கு முன்னால், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பானர் கட்டியிருந்தது. பிரமுகர்கள் பேசினார்கள். செல்போனால் இளைய தலைமுறை கெட்டுப்போயிற்று என்று பேசியவர்களில் இரண்டு பேர், அடுத்தவர் பேசும்போது செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அப்போதுதான் வாசலில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். பள்ளிச் சீருடை, தோளில் பை, கையில் தடியான ஒரு புத்தகம். பதினோராம் வகுப்பு இருக்கும். வாசலில் நின்ற உதவியாளப் பெண்ணிடம் என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு விழாம்மா. பொஸ்தகம் குடுக்கறதில்ல. நாளைக்கு வா."

"நாளைக்கு ஸ்பெஷல் கிளாஸ்க்கா. ஒரே நிமிஷம். மூணாவது பாகம் எங்க இருக்குன்னு எனக்கே தெரியும்க்கா."

"பானருக்குப் பின்னால பூந்து எடுப்பியா? எல்லாரும் பாக்கறாங்க பாரு."

அவள் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மேடையில் ஒருவர், இளைஞர்கள் ஏன் நூலகத்துக்கு வருவதில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அவள் கையில் இருந்தது 'பொன்னியின் செல்வன்' இரண்டாம் பாகம். கல்கியைப் பற்றி இந்தப் பத்திரிகை வாசகர்களுக்கு உள்ள அபிப்பிராயம்தான் எனக்கும். ஆனால் அந்தக் கட்டடத்தில் அன்று இருந்தவர்களிலேயே ஒரு புத்தகம் வேண்டும் என்று வந்த ஒரே ஆள் அவள்தான். நூலக வாரம் கொண்டாடுகிறோம் என்பதற்காக அவளுக்குப் புத்தகம் மறுக்கப்பட்டது. நான் எழுத வந்தது இதைப் பற்றித்தான். கீழே இருப்பதெல்லாம் இதற்கு வியாக்கியானம்.

*

உத்திரமேரூர் என்றால் எல்லோருக்கும் குடவோலை ஞாபகம் வரும். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919லும் 921லும் வெட்டியவை. அந்தப் பெண் படித்துக்கொண்டிருந்த நாவலில் படுக்கையில் கிடக்கிறாரே சுந்தர சோழர், அவருக்குப் பாட்டனார் இந்தப் பராந்தகன். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரின் பெயரைச் சொன்னார். அரசியல் மேடை எதுவானாலும், பள்ளி ஆண்டு விழாவானாலும், ஜனநாயகத்தின் தொட்டில் என்று ஒரு தடவை ஆட்டாமல் விடுவதில்லை.

கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவர்கள் குறைவு. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் போட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் படிப்பு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குக் கீழ். உழுதவனுடைய பேர் குடத்தில் விழவில்லை. பெண்கள் பேரும் விழவில்லை. பிரம்மதேயத்துச் சபை அது. இதை ஜனநாயகம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் பட்டுக்கொள்ளட்டும். எனக்கு இங்கே முக்கியமானது வேறு ஒரு ஆள். பெரியவர்கள் எல்லோரும் கூடியிருக்கிற சபை நடுவில், ஓலைகளைக் கலந்து போட்ட குடத்திலிருந்து ஒன்றை எடுப்பதற்கு ஒரு சிறுவனைக் கூப்பிடுகிறார்கள். உள்ளே இருப்பது எதுவும் தெரியாத பையனாகப் பார்த்துத்தான் கூப்பிட வேண்டும் என்று விதி. அவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்குகிறான், வாசிக்கிறான். பிறகு அங்கே இருக்கிற நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்கிறார்கள். எடுத்த பையன் மட்டும் வாசிப்பதில்லை. அவன் அறியாமைதான் சபையின் நாணயத்துக்கு உத்தரவாதம். எடுத்துக் கொடுத்தபின் அவனுக்கு அங்கே வேலை இல்லை.

ஆயிரத்து நூறு வருஷம் கழித்தும் நம் நூலக விழாக்களில் பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கப்பட்டிருக்கிற இடம் இதுதான். சபை கூட அவன் வேண்டும், போட்டோவுக்கு வேண்டும், அறிக்கையில் எண்ணிக்கைக்கு வேண்டும். மேடைக்கு வந்து ஒரு கோப்பையையோ எவர்சில்வர் டம்ளரையோ வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். குடத்துக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கக்கூடாது.

*

தமிழில் இந்த வயதுக்குச் சொல் இல்லாமல் இல்லை. பாட்டியல் நூல்கள் மங்கை, மடந்தை என்று வருஷக் கணக்கோடு பிரித்து வைத்திருக்கின்றன. எதற்காக? வீதியில் தலைவன் உலா வரும்போது எந்தெந்த வயதுப் பெண் எப்படியெப்படி மயங்குவாள் என்று பாடுவதற்காக. பருவத்தைக் கவனித்திருக்கிறோம், பவனி வருகிறவன் பொருட்டு. இன்றைக்கும் அதேதான். தலைவர் வருகிறார், பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள்.

நூலகத்தில் இந்த வயதுக்கு என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் சிறுவர் பகுதி. சிங்கமும் முயலும், தெனாலிராமன், கோணல் மாணலாக அச்சடித்த நீதிக் கதைகள். இன்னொரு பக்கம் போட்டித் தேர்வுப் பகுதி. பாக்கி உள்ள மேஜைகளை எல்லாம் அரசுத் தேர்வுக்குத் தயார் செய்கிறவர்கள் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் அந்த மேஜையிலிருந்து வந்தவன்தான். ஆனால் முயலுக்கும் பொது அறிவு வினா விடைக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கிறது. பதின்மூன்றிலிருந்து பதினெட்டு வரை அந்த வெற்றிடத்தில்தான் நிற்கவேண்டும்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். 2022ல் பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்குப் பத்திரிகைகள் தொடங்கியது. நாலாம் வகுப்புக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் 'ஊஞ்சல்', ஆறு முதல் ஒன்பது வரை 'தேன்சிட்டு'. 2023ல் வாசிப்பு இயக்கம் என்று ஒன்று வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படிகள், ஒவ்வொரு படிக்கும் சின்னச் சின்னப் புத்தகங்கள். நல்ல முயற்சிதான். ஆனால் தேன்சிட்டு ஒன்பதாம் வகுப்போடு பறந்துவிடுகிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் பறக்கக் கற்ற பிள்ளை கீழே இறங்கி உட்கார்ந்து பொதுத் தேர்வுக்கு உருப்போட வேண்டும். மனசு திறக்கிற மூன்று வருஷத்தை, ஒரு ஆள் வாழ்நாள் முழுக்க வாசகனாக இருப்பானா இல்லையா என்று முடிவாகிற அந்த மூன்று வருஷத்தை, மதிப்பெண்ணுக்குக் காவு கொடுத்துவிட்டு, பிறகு நாற்பது வயசில் அவனைப் பார்த்து ஏன் படிக்கவில்லை என்று கேட்கிறோம்.

கட்டடத்துக்கும் குறைவில்லை. சென்னையில் 2010ல் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023ல் கலைஞர் நூற்றாண்டு நூலகம். இரண்டும் இருக்க வேண்டியவைதான். ஆனால் மூன்றாம் பாகத்துக்காக அந்தப் பெண் கோட்டூர்புரம் போகமுடியாது. கிராமத்துக்கு என்று 2006ல் அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் வந்தது. ஊராட்சிக்கு ஒரு நூலகம் கட்டினார்கள். பூட்டிய அறைகளாகவும், சாமான் போட்டு வைக்கிற இடங்களாகவும் அவற்றில் எத்தனையோ ஆகிவிட்டதை இந்தப் பக்கத்தில் சைக்கிளில் போகிற எவனும் பார்க்கலாம். சாவி ஒருவரிடம் இருக்கும், அந்த ஒருவர் ஊரில் இருக்கமாட்டார்.

*

இந்த நாட்டில் இதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை என்றால் மன்னிக்கலாம். சீர்காழியில் 1892ல் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன், 1931ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க நூலகப் படிப்பில் அவற்றைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். சுருக்கமாகப் பார்த்தால் பாமரன் புத்தியில் உள்ள சமாசாரம். புத்தகம் பயன்படுவதற்கு, பூட்டி வைப்பதற்கு அல்ல. ஒவ்வொரு வாசகனுக்கும் அவனுடைய புத்தகம் கிடைக்கவேண்டும். ஒவ்வொரு புத்தகமும் தன் வாசகனை அடையவேண்டும். வாசகனுடைய நேரத்தை வீணாக்கக்கூடாது. நூலகம் வளர்கிற உயிர். அந்த விழாவில் ரங்கநாதன் படத்துக்கும் மாலை போட்டிருந்தார்கள். வாசலில் நின்ற ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியதில் அவருடைய முதல் நாலு விதிகளும் ஒரே நிமிஷத்தில் உடைந்தன. அவர் சுவரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அதே 1931ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். அமெரிக்காவில், பால்டிமோர் நகரத்துப் பொது நூலகத்தில், மார்கரெட் எட்வர்ட்ஸ் என்ற அம்மாள் இதே வேலையைக் குதிரை வண்டியில் செய்தார், இரண்டாம் உலகப் போர் நடந்த வருஷங்களில், ஏழைகள் இருக்கிற தெருக்களில். பள்ளி வயசு முடிகிற பருவத்துப் பிள்ளைகளுக்கான நூலகப் பணி என்று இன்று அங்கே ஒரு துறையே இருக்கிறதென்றால் அதற்கு அடி போட்டவர்களில் இந்த அம்மாள் ஒருவர். அவருடைய முறையில் ரகசியம் ஏதும் இல்லை. அவரிடம் வேலைக்கு வருகிறவர்கள் இந்த வயதினருக்கான புத்தகங்களை முதலில் தாங்கள் படிக்கவேண்டும், படித்ததை அவரோடு உட்கார்ந்து பேசவேண்டும். அதற்கு அப்புறம்தான் பிள்ளைகளுக்குப் புத்தகம் எடுத்துத் தரலாம். இதுதான் திட்டம். மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போன இடத்துக்கு, வங்கிக் கிளையும் இணையக் கம்பியும் போன பிறகும், நம்மால் ஒரு மூன்றாம் பாகத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை.

கேரளத்தில் 1945ல் பி.என். பணிக்கர் 47 சின்ன நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கினார். அங்கே நூலகம் என்பது ஊரில் உள்ள உறுப்பினர்கள் கமிட்டி தேர்ந்தெடுத்து நடத்துகிற விஷயம். இங்கே நாம் 1948லேயே சட்டம் போட்டுவிட்டோம். நாம்தான் முன்னோடி என்று ஒரு கர்வமும் சேர்ந்துகொண்டது. சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகப் பிடிக்கிறார்கள். அதை வசூலிக்கிற உள்ளாட்சிகள் நூலக ஆணைக்குழுவிடம் ஒழுங்காகக் கட்டுவதில்லை என்பது பல வருஷத்துப் புகார். உத்திரமேரூர்க் கல்வெட்டில் இதற்கும் விதி இருக்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பேரும் அவனுடைய உறவினர் பேரும் குடத்தில் விழக்கூடாது. மேடையில் குடவோலைப் பெருமை பேசுகிறவர்கள் இந்த விதியை மட்டும் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

*

போட்டி இல்லாவிட்டால் பிள்ளைகள் வரமாட்டார்கள் என்பது இவர்கள் வாதம். டம்ளருக்கு வந்தவன் டம்ளரோடு போய்விடுவான் என்பது என் பதில். எங்கள் தொழிலில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. இலக்கு வைத்துக் கணக்குத் திறந்தால் கணக்கு திறக்கும், பணம் போடுவதற்கு ஆள் வராது. பூஜ்ய இருப்பில் கிடக்கிற அந்தக் கணக்குகள் எல்லாம் அறிக்கையில் மட்டும் உயிரோடு இருக்கின்றன. உறுப்பினர் சேர்க்கை இத்தனை, புரவலர் இத்தனை, விழாவில் கலந்துகொண்ட மாணவர்கள் இத்தனை என்று மேலே போகிற நூலக அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்குச் சொந்த ஊர் வாசனை அடிக்கிறது.

போட்டி வாசிப்புக்கு வெறும் பயனற்றதாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அது எதிரி. வாசிப்பு என்பது ஒரு ஆள் தனியாக, யாரும் மார்க் போடாத இடத்தில், தன்னைப் பற்றித் தனக்கே தெரியாத ஒன்றை எதிர்கொள்வது. போட்டி அந்தத் தனிமைக்குள் நடுவரைக் கொண்டுவந்து உட்கார்த்துகிறது. பிடித்திருந்ததா என்று கேட்காமல் பயன் என்ன என்று கேட்கிறது. எனக்கு இது அலுப்பாக இருந்தது, எனக்கு இது பயமாக இருந்தது என்று எழுதுகிற பிள்ளைக்குப் பரிசு கிடையாது. ஆகையால் அப்படி உணர்வதையே அது விட்டுவிடக் கற்றுக்கொள்கிறது. நான் படித்த நாற்பது கட்டுரைகள் அந்தக் கல்வியின் வெற்றி.

நூலகரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆள் கதவைத் திறந்து, தூசி தட்டி, பதிவேடு எழுதி, புள்ளி விவரம் அனுப்பி, விழாவுக்கு நன்கொடையும் பிரித்து, சாயங்காலம் பூட்டிக்கொண்டு போகவேண்டியிருக்கிறது. ஊர்ப்புற நூலகரின் சம்பளத்தைச் சொன்னால் நமக்கு வெட்கமாக இருக்கும். படிப்பதற்கு அவருக்கு எங்கே நேரம்? நூலகரைப் படிக்கவிடாத நூலகத்தைச் சாதனையாகச் செய்துவைத்திருக்கிறோம்.

இனி நம்முடைய பங்கு. இந்தப் பத்திரிகையை வாசிக்கிற முந்நூறு பேருக்கும் இது பொருந்தும். இங்கே வாசகனே இல்லை, ரசனை செத்துவிட்டது என்று நாம் எழுதாத இதழ் இல்லை. வாசகன் எங்கே எந்த வயசில் உருவாகிறான் என்று நம்மில் யாராவது போய்ப் பார்த்ததுண்டா? சி.சு. செல்லப்பா 'எழுத்து' பிரசுரங்களைப் பையில் போட்டுத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனதை நாம் புராணம் மாதிரி சொல்கிறோம். சுமப்பதை மட்டும் அவரோடு விட்டுவிட்டோம். நாம் செய்தது நூலக ஆணைக்குக் காத்திருந்தது. உள்ளே என்ன இருந்தாலும் பாரத்துக்கு இவ்வளவு என்று அரசாங்கம் நெடுங்காலம் எடை போட்டு வாங்கியபோது, அந்த எடைக்காகவே அச்சடித்த குப்பையைக் கண்டித்துக் கட்டுரை எழுதினோம். நம் புத்தகத்துக்கும் ஆணை வந்ததா என்று விசாரித்தும் கொண்டோம். வந்த புத்தகம் கிளை நூலகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது, யாராவது எடுத்தார்களா என்று பார்த்ததில்லை.

வாசகர் வட்டம் என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். லட்சுமி கிருஷ்ணமூர்த்தி நடத்திய வாசகர் வட்டம் 'அம்மா வந்தாள்', 'சாயாவனம்' போட்டது. இன்று கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்றால் பொன்னாடைக்கு ஏற்பாடு செய்கிற கமிட்டி. பெயர் பறிபோன இந்த விஷயம் நமக்கு உறுத்தவே இல்லை.

அந்தப் பெண் 'அம்மா வந்தா'ளைக் கேட்டால் என்ன ஆகும்? இது உனக்கு வேண்டாம் பாப்பா என்பார்கள். நாமும் அங்கே இருந்தால் தயங்குவோம். சபையில் சீட்டெடுக்க ஏதும் தெரியாத பிள்ளைதான் வேண்டும் என்ற அந்தப் பழைய விதி நம் ரத்தத்திலும் இருக்கிறது. பதினாறு வயசில் அவளுக்குத் தெரியாதது என்ன? வீட்டில் குடி இருந்தால் பார்க்கிறாள், கல்யாணப் பேச்சைக் கேட்கிறாள், பஸ்ஸில் வருகிற கைகளைத் தட்டிவிடுகிறாள். வாழ்க்கை அவளுக்கு எதையும் மறைப்பதில்லை. அதைப் பற்றி ஒருவர் யோக்கியமாக எழுதிவைத்த வார்த்தைகளை மட்டும் நாம் மறைக்கிறோம். கல்கியிலிருந்து ஜானகிராமனுக்கு அவள் தானாக வந்து சேரட்டும் என்று இருந்துவிடுகிறோம். வழியில் பானர் கட்டியிருக்கிறது.

*

செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. ஒரு அலமாரி. ஒரு பெஞ்சு. பள்ளி விட்டபிறகு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால், திறந்திருக்கிற ஒரு கதவு. சனிக்கிழமை சாயங்காலம், படித்த ஆள் ஒருவர் அங்கே இருக்கவேண்டும். தலைமை வகிப்பவர் வேண்டாம், வரவேற்புரை வேண்டாம், போட்டோ வேண்டாம், பரிசு வேண்டவே வேண்டாம். படித்த புத்தகம் நன்றாயில்லை என்று சொல்வதற்குப் பிள்ளைகளுக்கு உரிமை வேண்டும். மற்றதெல்லாம் தானாக நடக்கும், அல்லது நடக்காது. நடக்காமல் போனாலும் இப்போது இருப்பதைவிட மோசமாகிவிடாது.

இன்னும் ஒன்று. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் வைத்திருந்த ஊர் பக்கத்தில் இருக்கிறது. புத்தகத்துக்கு ஒரு வாரியம் வைக்கட்டும். அந்த அலமாரியில் என்ன புத்தகம் வரவேண்டும் என்று அது சொல்லட்டும். நிலம் வேண்டாம், மனை வேண்டாம். வயது 13க்கு மேல், 18க்குக் கீழ். கணக்குக் காட்டாதவர்கள் வெளியே. குடத்தில் பேர் போட்டு எடுக்கட்டும். ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றவேண்டும். எடுத்த பிள்ளையே ஓலையை வாசிக்கவேண்டும்.

விழாவுக்கு அடுத்த வாரம் அதே நூலகத்துக்குப் போனேன். பானரை எடுத்துவிட்டிருந்தார்கள். மூன்றாம் பாகம் அலமாரியில்தான் இருந்தது. பின்னட்டைத் தேதிச் சீட்டில் புது முத்திரை விழுந்திருக்கவில்லை. அவள் வரவில்லையா, வந்தபோது வேறு ஏதாவது விழா இருந்ததா என்று தெரியவில்லை. கேட்டபோது, எந்தப் பொண்ணு சார் என்றார்கள்.

இந்த வருஷமும் நடுவராக இருக்கச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரமுடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டார்கள். எழுதித் தருகிறேன் என்றேன்.